காலை ஆறு மணி மாத்திரை

மக்கா,

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். நாலு வாட்டி சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன். நீ எடுத்ததுமே "அப்பா எப்படி இருக்காவ"ன்னு ஆரம்பிச்சிருத, பேச்சு அரிசி விலைக்குப் போயிருது. உன் ரூம்ல இருக்க கடையநல்லூர்த் தம்பி லீவு முடிஞ்சு வெள்ளிக்கெழமை பிளைட்டு ஏறுதானாம். நேத்து வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, அண்ணனுக்கு எதும் குடுத்து விடணுமா"ன்னு கேட்டான். தங்கமான பையன். முறுக்கு சுட்டு வச்சிருக்கேன், அந்த டப்பாவுக்கு அடியில இந்தக் காயிதத்தையும் வைக்கப் போறேன். எட்டாப்புப் படிச்சவ எழுத்து, கோணல்மாணலாத்தான் இருக்கும். உக்காந்து கடைசி வரைக்கும் படி. பாதியில நீ போன் போட்டா எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

போன வாரம் நீ மூணு விஷயம் சொன்ன. அப்பா இப்படிக் கெடக்கும்போது தையில என் கல்யாணம் வேண்டாம், பொண்ணு வீட்டு சிவகிரிக்காரங்ககிட்டச் சொல்லித் தள்ளிப் போடுங்கன்ன. எப்படியும் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு, அதனால மருந்துக்கடையில நைட் டூட்டி கேட்டு வாங்கிக்கிட்டேன்ன. அப்புறம் போனை வைக்கப் போற நேரத்துல, வேற யாருக்கோ சொல்லுத மாதிரி, "அப்பாவை நான்தான்மா விழ வச்சேன்"ன்ன. மொத ரெண்டையும் கேட்டுட்டு நான் சும்மா இருந்தேன். மூணாவதைக் கேட்டதுல இருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஏலே, நீ விழ வைக்கல. யாரு விழ வச்சான்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நோட்டைத் தூக்கிட்டு உக்காந்திருக்கேன்.

உங்க அப்பாவுக்கு மறதி எப்ப வந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது. தேங்கா வாங்கப் போனவிய கோயில் வாசல்ல செருப்பைக் கழத்திப் போட்டுட்டு உக்காந்திருந்தாவ, எதுக்கு வந்தோம்னு தெரியல. அதை உங்கிட்டச் சிரிச்சிக்கிட்டே சொன்னேன், நீயும் சிரிச்ச. அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லல. சட்டையை மாட்டிக்கிட்டு, சாயங்காலம் ஏழு மணியானா, "ஏட்டி, டிபன் தூக்குல சோத்தப் போடு, ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னு நிப்பாவ. தறிக்குப் போறதை விட்டு நாலு வருசம் ஆச்சு. அந்த ஷெட்டே இப்ப இல்ல, சிமெண்டு மூட்டை அடுக்குத குடோனா மாறிட்டு. "ஷிப்டு இல்ல, ஓனர் லீவு விட்டிருக்காரு"ன்னு தெனமும் ஒரு பொய் சொல்லுவேன். "லீவா? எதுக்கு லீவு?"ன்னு என்னைச் சந்தேகமாப் பாப்பாவ. முப்பது வருசம் ராத்திரி ஷிப்டுலயே ஓடின மனுசன். ராத்திரி எட்டு மணிக்குப் போயி, காலையில ஆறு மணிக்கு முடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு வருவாவ. பழைய சோத்தைக் குடிச்சிட்டு எட்டு மணிக்குப் படுத்தா ரெண்டு மணிக்குத்தான் முழிப்பு. வேலை நின்னாலும் அந்தத் தூக்கம் மாறல. ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருப்பாவ, பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாவ.

இந்த நெலமையிலதான் நீ அந்த மாத்திரை டப்பாவை இதே தம்பிகிட்டக் குடுத்து விட்ட. வீடியோ கால்ல டப்பாவைக் கையில புடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பாடம் நடத்தின, ஞாபகம் இருக்கா? மெலடோனின்னு பேரு, இது வெளிய இருந்து வார சரக்கு இல்ல, நம்ம மூளைக்குள்ளயே இருட்டு விழுந்ததும் சுரக்குறதுதான். வெளிச்சம் பட்டா நின்னு போயிரும். வயசாக ஆகக் கொறைஞ்சிக்கிட்டே போகும். அது தூங்க வைக்கிறதோட விடாது, உடம்புல இருக்க ஒவ்வொரு செல்லும் நாள் முழுக்க வேலை பாத்து உள்ள சேக்குத அழுக்கு இருக்கு பாரு, அதைத் தொடைக்கும். மூளை செல்லு சீக்கிரம் கெழடு தட்டாமக் காக்கும்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்கன்னு சொன்ன. எனக்குப் புரிஞ்ச கணக்கு வேற. தறி ஓட ஓடப் பஞ்சு பறந்து பல்சக்கரத்துல எல்லாம் அப்பிக்கிடும். ஷிப்டுக்கு ஒரு வாட்டியாவது அதைக் கூட்டித் தள்ளலைன்னா தறி இறுகி நின்னுரும். உங்க அப்பாவுக்கு ராத்திரி ராத்திரி கூட்டித் தள்ளுத ஆளு முப்பது வருசமா வரவே இல்ல போலன்னு நெனைச்சேன். எத்தனை டியூப்லைட்டு அந்த ஷெட்டுல! இருட்டுன்னு ஒண்ணை அவிய கண்ணு பாத்திருக்குமா? அன்னைக்கு அடுப்படியில போயி அழுதேன், உனக்குத் தெரியாது. அழுது முடிச்சதும் நம்பிக்கையும் வந்துச்சு. என் மவன் மருந்து படிச்சவன், அந்த ஆளைக் கண்டுபிடிச்சு அனுப்பிட்டான்னு நெனைச்சேன்.

நீ என்ன சொன்ன? "தூங்கப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தி ஒண்ணு குடுங்கம்மா." அதைத்தான் செஞ்சேன். உங்க அப்பா தூங்கப் போறது காலையில எட்டு மணிக்கு. ரெண்டு மணி நேரம் முந்தின்னா ஆறு மணி. அதனால தெனமும் காலையில ஆறு மணிக்கு, கோலத்தைப் போட்டு முடிச்ச கையோட, ஒரு டம்ளர் வெந்நீருல அந்த மாத்திரையைக் குடுத்தேன். ஒரு நாள் தவறல. கோமதி அம்மன் கோயில் புத்துமண்ணை நெத்தியில பூசி, "தாயே, இந்தத் தலைக்குள்ள இருக்கதைக் காப்பாத்து"ன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன்.

சிரிக்காத. அழுவாத. இந்த வீட்டுல முப்பது வருசமா "தூங்கப் போற நேரம்"னா காலைதான். நீ பள்ளிக்கூடம் போகும்போது செருப்புச் சத்தம் கேக்காமப் போனது மறந்துட்டா? எனக்கு வேற நேரம் தோணவே இல்ல. எந்தக் கோட்டிக்காரிக்கும் தோணியிருக்கும், எனக்குத் தோணல.

வாரா வாரம் நீ போன்ல, "தூங்குதாவளாம்மா?"ன்னு கேப்ப. "நல்லாத் தூங்குதாவ"ன்னு சொல்லுவேன். நெசந்தான் அது. மாத்திரை உள்ள போனா எட்டு மணி வரைக்கும்கூடத் தாங்காது, ஏழரைக்கே கண்ணு சொருகிரும். நீ அந்தப் பக்கம் சந்தோசத்துல குதிப்ப. கடையில கூட வேலை பாக்குதவங்ககிட்டயெல்லாம் சொன்னேன்னு சொன்ன. ஆனா ராத்திரி முழிப்பு முன்னைவிட மோசமாச்சு. முன்ன கட்டில்லயாவது உக்காந்திருப்பாவ. பெறவு வாசக்கதவைப் போயித் தட்ட ஆரம்பிச்சாவ. நான் இதை உங்கிட்டச் சொல்லல. நீ அவ்வளவு சந்தோசமா இருக்கும்போது எதுக்குக் கெடுக்கணும்? இப்ப ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. கட்டிக்கிட்டு வாரவ, "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொன்னாள்னா அதோட போனை வைக்காத. எப்ப நல்லா இருக்கு, எப்ப நல்லா இல்லைன்னு கேளு. நான் சொன்ன "நல்லா" எந்த நேரத்து நல்லான்னு நீயும் கேக்கல, நானும் சொல்லல.

நீ இருட்டு இருட்டுன்னு பேசினப்போ எனக்கு ஒரு சண்டை ஞாபகம் வந்துச்சு. நீ கைப்பிள்ளை. அப்ப நாம ஷெட்டை ஒட்டின ஒத்தை ரூம்புல குடியிருந்தோம். நடுச்சுவரு முக்காவாசி உசரந்தான், அதுக்கு மேல தெறந்த வெளி. ராத்திரி பூரா தறிச் சத்தமும் டியூப்லைட்டு வெளிச்சமும் நம்ம ரூம்புக்குள்ள கொட்டும். நீ அதுலயே தூங்குவ. கரண்டு போயி தறி நின்னாத்தான் அலறி அடிச்சு எந்திரிப்ப. சத்தம் நின்னா முழிக்குத பிள்ளையை நீங்க எங்கயாவது பாத்திருக்கியளான்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிருக்கேன், வெக்கங்கெட்டவ. உங்க அப்பாவுக்கு அதுல பெருமை இல்ல. ஷிப்டுக்குப் போறதுக்கு முந்தி, அவிய கட்டுத கருநீலக் கைலியை உன் தொட்டில் மேல கூடாரம் மாதிரி விரிச்சுப் போட்டுட்டுப் போவாவ. "பிள்ளைக்குக் கண்ணு கூசும்ட்டி"ம்பாவ. அவிய அந்தப் பக்கம் போனதும் நான் உருவிருவேன். எனக்கு உன் மூஞ்சி தெரியணும். விடிய விடியத் தறிக்கு நூல் தார் சுத்துதவ, வேற எதைப் பாத்துக்கிட்டு முழிச்சிருக்குறது? டீ குடிக்க வாரப்ப அவிய பாத்துட்டு, ஒண்ணும் பேசாம மறுபடி போட்டுட்டுப் போவாவ. "மூச்சு முட்டிரும், எடுங்க"ன்னு கத்துவேன். "ஓட்டை வச்சிருக்கேன், முட்டாது"ம்பாவ. நெசமாவே கைலியில பீடி நெருப்பால ஓட்டை போட்டு வச்சிருந்தாவ. நல்ல கைலியைப் பாழாக்கிட்டாவன்னு அதுக்கும் ஒரு சண்டை. அந்தச் சண்டை நீ நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடுச்சு.

நீ ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவுல வந்த. வந்த மறுநாளே அப்பா பகல் பூராத் தூங்குறதைக் கண்டுபிடிச்சிட்ட. அடுப்படிக்கு வந்து, "மாத்திரையை எப்பம்மா குடுக்க?"ன்னு கேட்ட. அந்த ஒரு நிமிசத்துல எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. நீ கேட்ட விதத்துலயே புரிஞ்சிட்டு. நான் இத்தனை மாசமா நேரம் மாத்திக் குடுத்திருக்கேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரிதான் குடுக்கேன், நீ சொன்ன மாதிரி"ன்னேன். அடுப்பைப் பாத்துக்கிட்டுச் சொன்னேன். வெக்கம், மக்கா. வேற ஒண்ணும் இல்ல. படிக்காத பொம்பளை, ஒரு மாத்திரையைக்கூட நேரத்துக்குக் குடுக்கத் தெரியலன்னு நீ நெனைச்சிருவியோன்னு ஒரு வெக்கம். நீ அப்படி நெனைக்குத பிள்ளை இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் அப்படித்தான் சொல்லிட்டு.

அந்தப் பொய்யாலதான் எல்லாம் ஆச்சு. ராத்திரி குடுத்தும் வேலை செய்யலன்னா, வீட்டு வெளிச்சந்தான் மாத்திரையைக் கெடுக்குதுன்னு நீ முடிவு பண்ணின. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வாங்கிட்டு வந்த. இனிமே ஏழு மணிக்கு உன் கையாலயே மாத்திரை, ஒம்போது மணிக்கு எல்லா லைட்டும் ஆஃப், டிவி சத்தமே கூடாதுன்ன. மொத ஒரு வாரம் அப்பா ராத்திரி தூங்கினாவ. உனக்குத் தலைகால் புரியல. "பாத்தியாம்மா, நேரம் செட் ஆயிட்டு"ன்னு என் கன்னத்தைப் பிடிச்சு ஆட்டின. ஏலே, அந்த ஒரு வாரமும் தபசு. நம்ம தெரு முனையில பந்தல், வரிசையா டியூப்லைட்டு, ரேடியோ செட்டுல விடியுற வரைக்கும் பாட்டு. உன் கறுப்புத் துணியை மாட்டுததுக்கு முந்தின ஏழு நாளு அது. அவிய தூங்கினது உன் மாத்திரையால பாதி இருக்கலாம். மீதி அந்தச் சத்தத்தால, அந்த வெளிச்சத்தால. கண்ணு முழிச்சுப் பாத்தா தறி ஓடிக்கிட்டிருக்கு, வெளிச்சம் இருக்கு, கூட வேலை பாக்குதவன் பாத்துக்கிடுவான்னு திரும்பப் படுத்திருப்பாவ. பகல்லயும் அப்படித்தான், நான் கிரைண்டரைப் போட்டா அசந்து தூங்குவாவ, நிப்பாட்டினா முழிப்பாவ. எனக்கு இதெல்லாம் தெரியும். முப்பது வருசம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா?

தபசு முடிஞ்சு பந்தலைப் பிரிச்சாங்க. நீ துணியை ஆணி அடிச்சு மாட்டின. நான் ஸ்டூலைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். "இருட்டும் அமைதியும் அவியளுக்கு ஆகாது மக்கா"ன்னு ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ ஏன்னு கேப்ப, பேச்சு மாத்திரை நேரத்துக்குப் போகும், என் பொய் வெளிய வரும். நீ வேற, இதெல்லாம் செஞ்சா அப்பா தையில தாலியை எடுத்துத் தாரப்போ என் பேரைச் சொல்லுவாவன்னு சொல்லிக்கிட்டே அடிக்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.

மூணாம் நாள், மணி பத்துகூட ஆகல. நீயும் நானும் அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, சிமினி வெளக்குல கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவங்க பேரை எழுதிக்கிட்டிருந்தோம். உள்ள இருந்து, "ஏட்டி, கரண்டு போயிட்டு! சுவிட்சு! சுவிட்சு!"ன்னு சத்தம் கேட்டுச்சு. உனக்கு அது என்னன்னு புரியல. எனக்குப் புரிஞ்சிட்டு. கரண்டு போனா தறிக்காரன் மொதல்ல சுவிட்சை அணைக்கணும். இல்லன்னா கரண்டு வந்ததும் தறி தானா ஓடி, நூலைக் கொண்டு போற நாடாக்கட்டை பறந்து யாரு கண்ணையாவது கெடுத்துரும், பாவு நூல் பூரா அறுந்துரும். இருட்டு, சத்தம் இல்ல. அவிய வேற என்ன நெனைப்பாவ? பக்கத்துத் தறியில நிக்குதவனைக் காப்பாத்த எந்திரிச்சு ஓடியிருக்காவ. நான் எந்திரிக்குததுக்குள்ள நிலைப்படியில தடுக்கி விழுந்த சத்தம் கேட்டுச்சு. நீ லைட்டைப் போட்டப்போ கையைச் செவத்துப் பக்கம் நீட்டிக்கிட்டுக் கெடந்தாவ. வலிக்குன்னு சொல்லல. "அணைச்சிட்டியா?"ன்னுதான் கேட்டாவ.

இப்பச் சொல்லு, யாரு விழ வச்சா?

திருநெல்வேலியில இடுப்புக்குக் கம்பி வச்சதெல்லாம் நீ கூட இருந்து பாத்ததுதான். லீவு முடிஞ்சு நீ ஏறின பெறவு, ஒரு நாள் அவியளைக் கூட்டிட்டு மருந்து மாத்தி எழுதப் போனப்போ, மறதிக்குப் பாக்குத டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். வெளிய அத்தனை பேரு காத்திருக்க, அவங்க பேனாவைக் கீழ வச்சிட்டுக் கேட்டாங்க. காலையில அந்த மாத்திரையைக் குடுக்கிறது, உடம்புக்குள்ள இருக்க கடியாரத்துக்கிட்டப் போயி இப்பத்தான் பொழுது அடைஞ்சிருக்குன்னு சொல்லுத மாதிரியாம். ஏற்கெனவே தலைகீழா இருந்த ஆளுக்கு அதையே இறுக்கிக் கட்டினாப்ல ஆயிரும்னாங்க. "அப்ப என்னாலதான் மூளை கெட்டுச்சாம்மா?"ன்னு கேட்டேன். "இல்லம்மா, அந்த நோய் பல வருசமா உள்ள இருந்தது. மாத்திரையை ஒழுங்கா ராத்திரி குடுத்திருந்தாலும் அது போயிருக்காது"ன்னாங்க. உன்னைப் பத்தியும் சொன்னேன். "உங்க பையன் படிச்சதும் பொய்யில்ல. சோதனைக்கூடத்துல செல்லைக் காக்குது, எலிகளுக்கு நல்லது செய்யுது. மனுசங்களுக்கு, அதுவும் உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு செய்யும்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. தூக்கம் கொஞ்சம் நேராகலாம். போன ஞாபகத்தை அது திருப்பிக் கொண்டு வராது"ன்னாங்க. பஸ்ஸுல வரும்போது உங்க அப்பா ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு, என்னைப் பாத்து, "நீங்க எந்த ஊருல எறங்கணும்?"னு மரியாதையாக் கேட்டாவ. சங்கரன்கோவில்னேன். "நமக்கும் அங்கனதான்"ன்னாவ. நான் முந்தானையை வாயில வச்சு அடைச்சிக்கிட்டேன். என்ன செய்யச் சொல்லுத? ஒண்ணும் செய்ய முடியாது மக்கா. ஒருத்தரோட மனசு கண்ணு முன்னால கரைஞ்சு போகுது, நான் பக்கத்து சீட்டுல டிக்கெட்டைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இப்ப வாக்கரைப் புடிச்சுக் கக்கூஸ் வரைக்கும் போறாவ. ஒரு வேளை சோறு வேண்டாங்காவ, ஒரு வேளை சாப்பிட்டதை மறந்துட்டுத் திரும்பக் கேக்காவ. ஒரு நாள் நான் ஓனரம்மா, ஒரு நாள் யாரோ நர்சு. கோவம் வந்தா எனக்கும் வாய் நிக்காது, கத்திருதேன், பெறவு போயி காலைப் புடிச்சு விடுதேன். நீ போன்ல ஒவ்வொரு வாட்டியும், "அப்பா என்னைக் கேட்டாவளா"ங்க. "கேட்டாவ"ன்னு சொல்லுவேன். அதுவும் பொய். ஆசுபத்திரியில இருந்து வந்த பெறவு உன் பேரு அவிய வாயில வரவே இல்ல. உன் போட்டோவைக் காமிச்சேன், "நல்ல பையனா இருக்கான், எந்த ஷெட்டு?"ன்னாவ. போதும்டா சாமின்னு போட்டோவை உள்ள வச்சிட்டேன்.

ஆனா இந்த மாசம் ஒண்ணு நடந்துக்கிட்டிருக்கு. விழுந்த நாள்ல இருந்து உன் கறுப்புத் துணியைப் பிச்சுப் போட்டுட்டு, ராத்திரி லைட்டைப் போட்டே வச்சிருந்தேன். ஒரு நாள் கட்டில்ல உக்காந்தவிய, இடுப்புல கட்டியிருந்த கைலி போதாதுன்னு கொடியில கெடந்த இன்னொரு கைலியை இழுத்து, ரெண்டு கையாலயும் விரிச்சுப் புடிச்சிக்கிட்டு எதையோ தேடுனாவ. "என்ன வேணும்?"னேன். "தொட்டில் கயிறு எங்கட்டி? லைட்டை அணைச்சுத் தொலையேன், பையன் கண்ணு கூசும்லா"ன்னாவ. ட்டி போட்டு என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்குப் பயம். இருட்டாக்கினா மறுபடி சுவிட்சுன்னு ஓடுவாவளோன்னு பயம். அவிய விடல. கட்டில் ஓரத்துல உக்காந்து கையைப் புடிச்சிக்கிட்டு லைட்டை அணைச்சேன். அவியளுக்கும் பயந்தான், கை சில்லுன்னு இருக்கு, மூச்சு வேகமா வருது. ஆனா எந்திரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கொரலைத் தணிச்சு, "தூங்குதானா?"ன்னு கேட்டாவ. "தூங்குதான்"னேன். பெறவு ரெண்டு வாட்டி கேட்டாவ. மூணாவது வாட்டி நான் சொல்லி முடிக்கலை, கொறட்டை வந்துட்டு. விடியுற வரைக்கும் முழிக்கல. முப்பது வருசத்துக்கு அப்புறம் அந்த மனுசன் இருட்டுல தூங்குனாவ.

அன்னைல இருந்து தெனமும் அப்படித்தான். உன் மாத்திரையும் டாக்டரம்மா சொன்ன நேரத்துக்குக் குடுக்கேன், அது உள்ள எதையாவது கூட்டித் தள்ளுதா, பஞ்சு போகுதான்னு எனக்குத் தெரியாது. புத்துமண்ணும் பூசுதேன். எதுவும் அவியளைத் திருப்பிக் கொண்டுவராதுன்னும் தெரியும். தையில உன்னை அடையாளம் தெரியாமலும் போகலாம், தாலியைக் கையில வாங்கிட்டு இது என்னன்னு கேக்கலாம். கேட்டா கேக்கட்டும், கல்யாணத்தை நிப்பாட்டாத. அந்தச் சிவகிரிப் பிள்ளை நேத்து போன் பண்ணி, "மாமாவுக்கு என்ன புடிக்கும் அத்தை"ன்னு கேட்டா. என்னத்தைச் சொல்ல? கைலி புடிக்கும்னு சொன்னேன்.

என்னை மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் வரல. நீ திட்டணும்னா ஒரு நாள் போன்ல நல்லாத் திட்டு, கேட்டுக்கிடுதேன். உன்னைய நீ திட்டிக்கிடாத, அதுக்குத்தான் இத்தனையும் எழுதினது. இன்னும் ஒண்ணே ஒண்ணு. இங்கன நான் இருட்டுல உக்காந்து "தூங்குதான், தூங்குதான்"னு மூணு வாட்டி சொல்லுத நேரத்துல, நீ அங்கன அந்தக் கடையில வெள்ளை வெளிச்சத்துக்கு அடியில சட்டையை மாட்டிக்கிட்டு நிக்க. எனக்கு நாக்கு கூசுது, மக்கா. இந்த வீட்டுல நான் சொன்ன பொய்யெல்லாம் போதும். நாளைக்கே உங்க மேனேஜர்கிட்டப் பேசி பகல் டூட்டிக்கு மாறு. தூக்கம் வரலைன்னாலும் லைட்டை அணைச்சிட்டுப் படு. உங்க அப்பா தெனமும் கேக்காவ.

அம்மா